சோலோனில் நான் கருமியான கதை

சைகோனுக்குக் கடலிலிருந்து நேராகப் போய் இறங்கிவிட முடியாது. கேப் சேன் ழாக் முனையில் கப்பல் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் நுழைகிறது. அப்புறம் ஆறு திரும்புகிற பக்கமெல்லாம் கப்பலும் திரும்புகிறது. மாதா கோவிலின் இரட்டைக் கோபுரம் முதலில் இடது பக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் தெரிந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"ஊரைத் தாண்டிட்டோமா?" என்று பக்கத்தில் நின்ற பாண்டிச்சேரிக்காரரைக் கேட்டேன். பட்டாளத்தில் இருந்தவர்.

"ஆறுதான் சுத்துது. ஊரு அங்கேயேதான் இருக்கு" என்றார்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் பெரியப்பா மகன் நடராசன் அண்ணன், பிரெஞ்சுக்காரர் உத்தியோகம் கிடைத்து சைகோனுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அங்கேயே ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரியப்பா காலமாகிவிட்டார். இப்போது அண்ணனின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மணவறையில் நிற்க அண்ணன் வந்தாக வேண்டும். காரைக்காலில் துணிக்கடை வைத்திருந்த என்னைப் பெரியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். "நீயே போய் அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வா. அந்தச் சீனத்தி வர வேண்டாம்" என்றாள்.

இதில் இரண்டாவது வாக்கியத்தை எங்கே வைத்து, எந்த முகத்தோடு சொல்வது என்று பினாங்கு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் கடல் கொந்தளித்தது. வாந்தி எடுப்பதிலேயே பொழுது போய்விட்டது.

கான் ஹொய் துறையில் இறங்கியபோது அண்ணன் தொப்பியும் கோட்டுமாக நின்றிருந்தார். பக்கத்தில் கறுப்புப் பட்டுக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒரு பெண். ஒல்லியானவர், கண்ணில் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"வாங்க தம்பி. கப்பல் உங்கள நல்லா வச்சுக்கிட்டாரா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மரியாதைத் தமிழ் மட்டும்தான்டா சொல்லிக் குடுத்திருக்கேன். 'வா, போ' சொல்லிக் குடுத்தா முதல்ல அது என் மேலதான் பாயும்."

அவர் பெயர் லிங். அண்ணன் லிங்கம்மா என்று கூப்பிட்டார். அண்ணிக்கு மனிதர், மாடு, மழை எல்லாமே 'அவரு'தான்.

சைகோனில் பெட்டி வைத்த குதிரை வண்டிக்கு 'மலபார்' என்று பெயர். முதன்முதலில் ஓட்டியவர்கள் நம்மவர்கள் என்பதால் வந்த பெயராம். எங்களுக்கு வாய்த்த வண்டிக்காரரும் நம்மவர்தான், காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துச் சவரிமுத்து. ஊர்ப் பெயரைக் கேட்டதும் உற்சாகமாக வண்டியை விட்டார். பாலத்தின் நடுவில் குதிரை நின்றுவிட்டது. சவரிமுத்து திட்டினார், கெஞ்சினார், இறங்கி முன்னால் போய்ப் புல் காட்டினார். அண்ணி இறங்கிக் குதிரையின் காதருகே போனார்.

"ஐயா, கொஞ்சம் நடங்க. விருந்தாளி வந்திருக்காரு."

குதிரை அசையவில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நின்று எல்லா மொழியிலும் கத்தின. கடைசியில் நாங்கள் இறங்கி நடந்தோம். என் தகரப் பெட்டியை அண்ணி தூக்கிக்கொண்டார். நான் பிடுங்கப் போனேன். "விடுங்க தம்பி. விருந்தாளி பெட்டி தூக்கினாருன்னா சோலோன்ல இருக்கற எங்க அப்பாவ ஏசுவாங்க" என்றார். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டியை இழுத்துக்கொண்டே சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் தொப்பியைச் சரி செய்துகொண்டு பின்னால் வந்தார்.

வீட்டில் சுடச்சுடச் சோறும் வறுத்த மீனும் ரசமும். ரசத்தில் உப்புக்குப் பதிலாக அந்த ஊர் மீன் சாறு. முதல் வாயில் மூக்கைச் சுளித்தவன், மூன்று தம்ளர் குடித்தேன். சாப்பிட்டு எழுந்ததும் அண்ணன் வழக்கத்தைப் பார்த்து நானும் "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

"அது வெள்ளைக்காரரு வார்த்தை. எல்லாத்துக்கும் ஒண்ணையே வச்சு ஓட்டுவாங்க" என்றார் அண்ணி. "எங்க கான்டனீஸ்ல ரெண்டு இருக்கு. யாராவது உங்களுக்கு வேலை செஞ்சா 'ம் கோய்'. தண்ணி எடுத்துக் குடுத்தா, வழி விட்டா. பொருளு குடுத்தா, செலவு பண்ணினா 'தோ செ'."

"சோறு போட்டா?"

அண்ணி யோசித்தார். "பரிமாறினதுக்கு ம் கோய். சோத்துக்குத் தோ செ."

"அப்படின்னா உங்களுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு."

"ரெண்டும் எனக்குத்தான். அவரு சம்பளம் மாசத்துல பாதிலயே கிளம்பிப் போயிடறாரு."

அண்ணன் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன் நன்றி சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு ஒரு வார்த்தை போதாமல் இரண்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெரியம்மாவின் இரண்டாவது வாக்கியத்தை அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. வயிறு நிறைந்திருக்கும்போது சொல்லக்கூடியதாக அது இல்லை.

அண்ணியின் அப்பா லியோங், சீனர்கள் நிறைந்த சோலோனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். சம்பந்தி வீட்டிலிருந்து முதல் ஆள் வந்திருக்கிறான் என்று என்னை விருந்துக்கு அழைத்தார். சைகோனிலிருந்து சோலோனுக்கு நீராவி டிராம் போகிறது. அது போகிற வேகத்துக்குக் கூடவே நடக்கலாம். ஆனால் நடந்தால் கரி விழாது. என் புது அங்கவஸ்திரத்தில் ஒரு நெருப்புப் பொறி விழுந்து புகைய ஆரம்பித்தது. எதிரில் வாத்துக் கூடையோடு உட்கார்ந்திருந்த அன்னாமியப் பெண் (வியட்நாம்காரர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம்) தன் தேநீர்க் குடுவையை அப்படியே என் மேல் கவிழ்த்து அணைத்தாள்.

"இப்ப எதைச் சொல்வீங்க தம்பி?" அண்ணி பரீட்சை வைத்தார்.

"ம் கோய்."

"தேநீர் அவங்களோடது."

"தோ செ."

"அணைச்சது வேலை."

இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அன்னாமியப் பெண்ணானதால் இரண்டுமே புரியவில்லை. ஆனாலும் நன்றாகச் சிரித்தாள். வாத்துகளும் ஏதோ சொல்லின.

விருந்து ஒரு மாடி உணவுக்கடையில். பரிமாறுகிறவர்கள் மேலிருந்து கீழே சமையற்கட்டுக்குக் கூவுகிறார்கள். கீழேயிருந்து பதில் கூவல். எங்கள் மேசையில் லியோங், அவருடைய ஆருயிர் நண்பர் ஃபுங், அண்ணன், அண்ணி, நான். ஃபுங் காளானும் உலர்ந்த மீனும் விற்கிற வியாபாரி, நெடிய உருவம். இருவரும் இளவயதில் ஒரே படகில் கான்டனிலிருந்து வந்தவர்கள். லியோங்கின் மகனுக்கு, அதாவது அண்ணியின் தம்பிக்கு, ஃபுங்கின் மகளை அந்த மாதமே கட்டி வைப்பதாக இருந்தார்கள்.

இஞ்சி போட்டு அவித்த முழு மீன் வந்தது. தலை என் பக்கம் பார்த்திருக்கும்படி தட்டைத் திருப்பினார் லியோங். கன்னத்துச் சதையைப் பிய்த்து என் கிண்ணத்தில் வைத்தார். ஃபுங் வயிற்றுச் சதையை அதன் மேல் வைத்தார். லியோங் வாத்துத் தொடையை அதன் மேல் வைத்தார். நம் ஊரில் போதுமென்றால் இலையை மடித்துவிடலாம். கிண்ணத்தை எப்படி மடிப்பது? காலி செய்யச் செய்ய நிரம்பிக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசியதை அண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "அப்பா சொல்றாரு, நீங்க இளைச்சிருக்கீங்கன்னு. ஃபுங் மாமா சொல்றாரு, அது கப்பல் செஞ்ச வேலைன்னு."

கடைசியில் பரிமாறுகிறவர் கணக்கோடு வந்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. லியோங் எழுந்து ஃபுங்கின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். ஃபுங் லியோங்கின் கழுத்துப் பட்டியைப் பிடித்துத் தள்ளினார். ஒரு நாற்காலி விழுந்தது. இரண்டு பேர் முகமும் சிவந்து, தொண்டை கிழியக் கத்தினார்கள். அண்ணன் கை கழுவப் போயிருந்தார். அண்ணியோ இதையெல்லாம் கவனிக்காதவர் போல ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

என் கடையில் இரண்டு பேர் ஒரே புடவையைப் பிடித்து இழுத்தால் நான் நடுவில் போய்ச் சமாதானம் செய்வது வழக்கம். இங்கே நடுவில் போனால் என் அங்கவஸ்திரத்தில் மிச்சமிருப்பதும் கிழிந்துவிடும். ஆகவே மெல்ல எழுந்து மாடிப்படி இறங்கிப் போய், அண்ணன் கைச்செலவுக்குக் கொடுத்திருந்த பியாஸ்தர் நாணயங்களைக் கல்லாவில் எண்ணி வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு கொலையைத் தடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

என் பின்னாலேயே கீழேயிருந்து ஒரு கூவல் எழுந்தது. அதன் அர்த்தத்தை அண்ணி பிறகு சொன்னார்: "ஜன்னலோர மேசைக் கணக்குத் தீர்ந்தது. விருந்தாளி இந்தியர் கொடுத்தார்." அந்த ஊரில் எதையும் கூவித்தான் சொல்வார்கள்.

மாடி முழுவதும் அமைதியாகிவிட்டது. எல்லா மேசைகளும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. ஃபுங் தலையைச் சொறிந்துகொண்டு, பாதி சிரிப்பாக லியோங்கிடம் என்னவோ சொன்னார். அதில் 'கூ ஹோன்' என்ற இரண்டு சொல் மட்டும் என் காதில் தனியாக விழுந்தது. லியோங் நிமிர்ந்து பார்த்தார். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். தொப்பியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

டிராமில் திரும்பும்போது அண்ணி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது சண்டை இல்ல தம்பி. அது மரியாதை. இந்தத் தடவை ஒருத்தரு ஜெயிச்சுக் குடுப்பாரு. அடுத்த தடவை இன்னொருத்தரு. கத்தி, இழுத்து, நாற்காலி விழுந்தாத்தான் அது விருந்து. நீங்க பாட்டுக்குப் போய்ச் சத்தமில்லாம குடுத்துட்டீங்களே."

"ஃபுங் மாமா என்ன சொன்னாரு?"

அண்ணியின் சிரிப்பு நின்றது. "'விருந்தாளி கையில காசு எடுக்க வச்சுட்டியே, உன் வீடு கூ ஹோன் வீடாயிடுச்சே'ன்னாரு. விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. ஆனா மாடியே கேட்டுச்சு."

"கூ ஹோன்னா?"

"கருமி. ஆனா வார்த்தையப் பிரிச்சா, 'கூ'ன்னா யாருமில்லாதவரு. 'ஹோன்'னா குளிரு."

நம்மிடம் கஞ்சன் இருக்கிறான், கருமி இருக்கிறான், பிசினாறி இருக்கிறான். எல்லாமே அவன் கையைப் பற்றிய பேச்சு. அவன் தனியாகக் குளிரில் உட்கார்ந்திருப்பதை நாம் யாரும் கவனித்ததில்லை. இந்த வார்த்தையை ஏன் லியோங்கால் விழுங்க முடியவில்லை என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மறுநாள் மாலை சவரிமுத்துவின் வண்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே கூரை வரைக்கும் சிவப்புப் பெட்டிகள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கேக் அனுப்புவது அவர்கள் வழக்கம். தான் கூ ஹோன் இல்லை என்று ஊருக்குக் காட்ட, லியோங் விடிந்ததும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு கேக் அனுப்பியிருக்கிறார். ஃபுங் அதைப் பார்த்து, இது வேண்டுமென்றே செய்கிற பகட்டு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மாதிரி பகட்டுக்காரருக்கும் ஒரு பெயர் இருந்தது: 'ஃபுட் லோ', அகலமான ஆசாமி. லியோங் மறுபடி அனுப்ப, ஃபுங் மறுபடி திருப்ப, கடைசியில் இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்தி, கல்யாணப் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

"குதிரைக்கு வழி மனப்பாடம் ஆயிடுச்சு. கேக் வண்டின்னா நிக்கவே மாட்டேங்குது" என்றார் சவரிமுத்து. "ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு வாடகை குடுக்கறாங்க. இந்தச் சண்டை நீடிக்கட்டும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தலாம்னு இருக்கேன்."

பெட்டிகள் எங்கள் வீட்டில் இறங்கின. தாமரை விதையை அரைத்து உள்ளே வைத்த கேக். காலையில் கேக், மதியம் கேக். அண்ணன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மாரியம்மன் கோவில் குருக்கள் முட்டை இருக்குமோ என்று பயந்து மறுத்துவிட்டார். பக்கத்துப் பால்காரர் வீட்டு மாடு மறுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். அண்ணி மொழிபெயர்க்க வந்தார். ஃபுங் எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, ஒரு பை நிறையக் காளானும் கொடுத்தார். "உங்க மேல என்ன தப்பு? நான் விளையாட்டாத்தான் சொன்னேன்" என்றார்.

"அதை அவர்கிட்டயே சொல்லிடலாமே?"

"விளையாட்டாச் சொன்னேன்னு போய்ச் சொன்னா, நெசமாச் சொன்னேன்னு ஆயிடும்."

லியோங்கும் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்து, இஞ்சி மிட்டாய் கொடுத்து, என் வயிறு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். ஃபுங்கின் பெயரை எடுத்ததும் மருந்துப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மகன் ஒரு மூலையில் தராசைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். முதல் நாள் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவருக்குப் பேதி மருந்து கட்டிக் கொடுத்திருக்கிறான். "அவரு இப்ப இருமப் பயப்படறாரு" என்றார் அண்ணி. ஆனால் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தம்பியின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

எங்கள் கப்பல் புறப்படுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வந்து காலை வைத்தேன், ஒரு கல்யாணம் நின்றுவிட்டது. இதில் இன்னொரு கல்யாணத்துக்கு வேறு வர வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கேக்கும் இறங்கவில்லை.

"ஒரு வார்த்தை கிளம்பிட்டாருன்னா அவரு யார் மேலயாவது போய் உக்காரணும் தம்பி" என்றார் அண்ணி. "அப்பா மேல உக்கார இடம் இல்ல. ஃபுங் மாமா அந்த வார்த்தையத் திரும்பக் கூப்பிட்டுக்க மாட்டாரு."

"என் மேல உக்காரட்டும்."

அண்ணி திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் கப்பல் ஏறிடப் போறேனே அண்ணி. ஊர்ல எனக்குத் துணிக்கடைதான். கான்டனீஸ்ல யாரும் புடவை கேக்கப் போறதில்ல."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பயிற்சி. கூ ஹோனிலும் ஒரு படி கீழே ஓர் இனம் உண்டாம், 'சுக் குவாட்'. எலும்பைச் சுருக்குகிறவன். கணக்கு வரும் நேரம் பார்த்து, ஆள் இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு இல்லாமல் போய்விடுகிறவன். அண்ணன் பரிமாறுகிறவராக நடித்துக் கணக்கை நீட்டுவார். நான் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, மேலே பார்த்துப் பல் குத்த வேண்டும். "முகத்துல சிரிப்பு வருதுடா. வியாபாரப் புத்தி. காசைப் பாத்தா பல்லைக் காட்டாதே" என்று அண்ணன் அதட்டினார். கடைசியில் அண்ணியே ஒப்புக்கொண்டார்: "இப்ப நல்லா அசிங்கமா இருக்கீங்க தம்பி."

நான் ஊருக்குப் போகுமுன் விருந்து வைக்கிறேன் என்று லியோங்குக்கும் ஃபுங்குக்கும் தனித்தனியே சொல்லி அனுப்பினோம். அதே மாடி. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவரும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். விருந்தாளியை அவமதிக்க முடியாதே என்று உட்கார்ந்தார்கள். லியோங் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். ஃபுங் மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் வேண்டியதையெல்லாம் வரவழைத்தேன். மீன், வாத்து, நண்டு, நண்டு முடிந்ததும் இன்னொரு நண்டு. யார் கிண்ணத்திலும் எதையும் எடுத்து வைக்கவில்லை. மீனின் கன்னத்தை நானே எடுத்துத் தின்றேன். அண்ணன் அவமானத்தில் நெளிந்தார். அதில் பாதி நடிப்பில்லை.

கணக்கு வந்தது. நான் தோளைக் குறுக்கினேன். மேலே தொங்கிய விளக்கில் வரைந்திருந்த பூவைப் பார்த்தேன். பல் குத்தினேன். பரிமாறுகிறவர் இருமினார். நான் இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டேன். அவர் ஊற்றிவிட்டு நின்றார். நான் குடித்தேன். பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. என் காது கொதித்தது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லியோங் ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பினார். ஃபுங் மாடிப்படியிலிருந்து திரும்பினார். இருவர் கண்ணும் சந்தித்தன. பிறகு இரண்டு பேர் கையும் ஒரே சமயம் கணக்குச் சீட்டின் மேல் விழுந்தன.

லியோங் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபுங் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். நாற்காலி விழுந்தது. மாடி முழுவதும் நிம்மதியாக மறுபடி சாப்பிட ஆரம்பித்தது. கத்தலின் நடுவே கூ ஹோனும் சுக் குவாட்டும் தெளிவாகக் கேட்டன. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கட்டை விரலும் என் பக்கம் நீண்டது. அர்த்தம் தெரியாதவன் மாதிரி நான் ஆரஞ்சு உரித்தேன். கை நீளம் என்பதால் ஃபுங் ஜெயித்தார்.

தோளில் கை போட்டபடி இருவரும் படியிறங்கினார்கள். பின்னால் வந்த அண்ணி கேட்டுச் சொன்னார்.

லியோங்: "பாவம், அவங்க ஊர்ல மழையே கிடையாதாம்."

ஃபுங்: "போன தடவை குடுத்தானே?"

லியோங்: "அதோட தீந்துபோயிருக்கும்."

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. பெண் வீட்டாருக்குப் புதிதாகக் கேக் போனது. சோலோனில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை என்றாகிவிட்டது. தேநீர்க் கடையில் என்னிடம் காசு கேட்கவே இல்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என் சட்டைப் பையில் ஒரு சிவப்புக் காகிதப் பொட்டலத்தைச் செருகிவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்துப் போனார். பிரித்தால் உள்ளே பியாஸ்தர். நான் 'தோ செ' சொல்வதற்குள் அவர் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குனிந்து வணங்கினான். அக்கா சொல்லியிருப்பார் போல.

பெட்டி கட்டுகிற நாள் வந்தது. அண்ணனின் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணி, தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி, அத்தை என்னையும் வரச் சொன்னாங்களா?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு அசையவில்லை. அவருக்குப் பதில் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. கப்பல் ஏறியதிலிருந்து நான் சுமந்து வந்த அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது.

"சொன்னாங்களே" என்றேன். "'மருமகளையும் கூட்டிக்கிட்டு வா'ன்னாங்க."

அண்ணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க பாஷையில 'ஹௌ தௌ'ன்னு ஒண்ணு இருக்கு. காசு குடுக்கறது இல்ல அது. அடுத்தவங்களக் குறைச்சு நினைக்காம, கொஞ்சம் கூடவே நினைக்கறது. மெத்தை மாதிரி மெத்துனு இருக்கற மனசு. உங்க பெரியம்மா ஹௌ தௌ."

பெரியம்மாவுக்கு நான் கொடுத்த பெயர் அது. இனி காரைக்காலில் அதை அவள்தான் காப்பாற்ற வேண்டும்.

கேப் சேன் ழாக் தாண்டி, வழிகாட்டி இறங்கிப் போய், கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு அண்ணி கைப்பிடிக் கம்பியருகே வந்து நின்றார்.

"பொய் சொல்லும்போது உங்களுக்குப் பல் குத்தற முகம் வருது தம்பி."

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க அண்ணி?"

"கூப்பிட்டது நீங்கதானே. கூப்பிட்டும் போகலைன்னா நான்தானே கூ ஹோன்."

காரைக்காலில் வண்டியிலிருந்து அண்ணனுக்குப் பின்னால் அண்ணி இறங்கியதைப் பெரியம்மா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீடு நிறையக் கல்யாண உறவு. வாயைத் திறக்க முடியாது. "கால் கழுவத் தண்ணி இருக்குன்னு அவகிட்டச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான். அண்ணி எதிரிலேயே இலை முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"என்ன, கோழி மாதிரி கொத்திக்கிட்டு இருக்கா. இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லுங்க தம்பி."

"வேணாமாம் பெரியம்மா."

மூன்று இட்லி விழும். மேலே நெய் விழும். கல்யாணம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகும் இப்படியேதான் நடந்தது. ஒரு நேரமும் பேச்சில்லை. ஒரு நேரமும் இலை காலியாக இருந்ததும் இல்லை.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி என்னிடம் கேட்டார். "பேசவும் மாட்டேங்கறாங்க, பசிக்க விடவும் மாட்டேங்கறாங்க. இந்த மாதிரி ஆளுக்கு உங்க பாஷையில என்ன வார்த்தை?"

எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. "இல்லையே அண்ணி. உங்க பாஷையில?"

"நானும் தேடிப் பாத்தேன். இல்ல." ஈரப் புடவையை உதறினார். "அப்ப நான் என்னன்னு கூப்பிடறது?"

"அத்தைன்னு கூப்பிட்டுப் பாருங்க."

மறுநாள் காலை பெரியம்மா அடுப்பருகே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி நிலைப்படியில் வந்து நின்றார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அத்தை."

தோசைக் கல்லில் கரண்டி ஒரு சுற்று சுற்றி நின்றது. பதிலை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் தயாராக நின்றேன். பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னடி?" என்றாள்.